சுல்மாவின் அரை மணி நேரம்

எங்கள் வீட்டுக்குள் முதன்முதலாக ஒரு முதலாளி நுழைந்தது 1987 ஏப்ரலில். அந்த முதலாளி நான்தான்.

அதுவரை கண்ணாடி ஆலையில் சங்கம் கட்டியவன் நான். முதலாளிகளைத் திட்டி எழுதிய துண்டறிக்கைகளை அடுக்கி வைத்தால் என் இடுப்புக்கு வரும். என் மனைவி நிபியாவுக்குத் தொலைபேசி நிலையத்தில் வேலை. மகள் அனாஹிக்கு நாலு மாதம். பிரசவ விடுப்பு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. திங்கட்கிழமை போய் உட்காராவிட்டால் அவள் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள்.

கறிக்கடைக்காரர் மனைவி சொல்லி அனுப்பி சுல்மா தெச்சேரா வந்தார். வயது முப்பத்தெட்டு. பதினைந்து வயதில் வடக்கே தக்குவாரெம்போவில் பஸ் ஏறித் தலைநகர் மான்டிவிடியோவில் இறங்கியவர். மூன்று வீடுகளில் ஏழு பிள்ளைகளை வளர்த்திருந்தார். ஏழு பேரில் யார் எந்தப் பக்கம் படுத்தால் தூங்குவார்கள் என்று அப்போதும் சொல்வார். பையில் மாத்தே இலைத் தேநீர் குடிக்கச் சொந்தக் குடுவை, வெந்நீர் பிளாஸ்க், உள்ளங்கை அளவு ரேடியோ.

கேள்வி கேட்கலாம் என்று நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"துணி யாரு துவைக்கிறது?"

"நான்தான்" என்றேன்.

"நீங்களா?" நிபியாவைப் பார்த்தார். "நிஜமாவா தாயி?"

"துவைப்பாரு. அலசத்தான் வராது."

சுல்மா சிரித்தார். அனாஹியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். குழந்தை ஏப்பம் விட்டது. முடிந்தது நேர்காணல்.

நான் விடுவேனா? உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதினேன். பதினோரு ஷரத்துகள். நேரம், ஓய்வு, விடுமுறை, நோய்க்கால விடுப்பு எல்லாம் இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது ஏழாவது ஷரத்து: 'குடும்பத்தாரோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்ண வேண்டும்.' எங்கள் ஊரில் வேலைக்காரப் பெண்கள் சமையலறையில், எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவார்கள். என் வீட்டில் அது நடக்காது.

ஆலையில் எனக்குக் காலை ஷிப்ட். இரண்டு மணிக்கு வீடு. மூன்றரைக்குச் சங்க அலுவலகம். இடையில் சுல்மாவும் நானும் ஒரே மேசையில் குழம்பும் ரொட்டியும். நான் பேசுவேன். வீட்டு வேலைக்காரர்களுக்கு ஏன் பலமான சங்கம் இல்லை, எட்டு மணி நேர வேலை எப்படி வந்தது, எல்லாம். அவர் தலையாட்டுவார்.

"என்ன நினைக்கிறீங்க தோழர் சுல்மா?"

"உப்புக் கொஞ்சம் தூக்கல், முதலாளி."

"முதலாளின்னு கூப்பிடாதீங்க."

"சரி முதலாளி."

இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை. நிபியா ஐந்தரைக்கு வந்தாள். அன்று எனக்குக் கூட்டம் இல்லை. சுல்மா பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"திங்கக்கிழமை வர மாட்டேன் தாயி. வேற ஆள் பாத்துக்குங்க."

நிபியா சீருடையோடு அப்படியே நாற்காலியில் சரிந்தாள். "சுல்மா, நீங்க வராட்டி என் வேலை போச்சு. புள்ள அழுதாளா? நான் ஏதும் சொல்லிட்டேனா?"

"ஐயோ, புள்ள தங்கம். நீயும் நல்லவதான்."

"அப்ப நேரமா?" என்றேன். "எந்த ஷரத்துல குறை, சொல்லுங்க."

"ஏழு."

எனக்குப் புரியவில்லை. மேசையில் தட்டி, "அது உங்க மரியாதைக்காக எழுதினது!" என்றேன்.

"என்னைக் கேட்டா எழுதுனீங்க?" குரல் உயரவில்லை. "காலைல ஏழரைலேர்ந்து புள்ள என் இடுப்புல. அது தூங்குற அரை மணிதான் எனக்குன்னு இருக்கு. பழைய வீட்டுல சமையல்கட்டுல தனியா உக்காந்து ரேடியோ நாடகம் கேட்டுக்கிட்டே சாப்புடுவேன். இங்க ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கூட்டம். சாப்பாட்டு நேரத்துலயும் உங்களுக்கு ஆள் நான்தானா?"

நிபியா என்னைப் பார்த்த பார்வையைக் கல்லில் செதுக்கலாம். "உன் கூட்டத்துக்கு ஆள் சேக்க என் வேலைதான் கெடைச்சுதா, வில்மார்?"

கோரிக்கை எழுதும் முன் தொழிலாளியைக் கேள் என்று இருபது வருடம் அடுத்தவனுக்குச் சொன்னவன் நான். பேனாவை எடுத்து ஏழாவது ஷரத்தை அடித்தேன். "நீங்க சொல்லுங்க, எழுதுறேன்."

"ரெண்டரைலேர்ந்து மூணு. மொட்டை மாடி. யாரும் கூப்புடக் கூடாது. புள்ள அழுதாலும்."

"அழுதா?"

"அப்பன்னு எதுக்கு இருக்கீங்க?"

எழுதினேன். கையெழுத்துப் போட்டார்.

இன்றைக்கும் அந்தத் திங்கட்கிழமை எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. நிபியா வேலைக்குப் போய்விட்டாள். இரண்டரைக்குச் சுல்மா தட்டையும் ரேடியோவையும் எடுத்துக்கொண்டு மாடியேறினார். இரண்டு முப்பத்தைந்துக்கு அனாஹி வீறிட்டாள். தூக்கினேன், ஆட்டினேன், துண்டறிக்கை வாசித்துக் காட்டினேன். நிற்கவில்லை. படிக்கட்டு வரை போனேன். மேலே நாடகத்தில் யாரோ ஒரு பெண் காதலனைச் சபித்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன்.

ரேடியோவின் சத்தம் குறைந்தது.

"குப்புறப் போட்டுப் புடிங்க. வயித்துக்கு உங்க கையைக் குடுங்க."

"நான் கூப்பிடலையே!"

"நானும் இறங்கலையே."

முன்கையில் குப்புறக் கிடத்தினேன். இரண்டு முறை விம்மினாள். பிறகு என் சட்டைக்கைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அடங்கினாள். மேலே சத்தம் மறுபடி கூடியது.