கண்ணாடி மட்டும் கூடாது

எங்கள் ஊரில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் முதலில் போய் நிற்கும் இடம் வீப்கேயின் கொட்டகைதான். கடலைத் தடுக்கும் மேட்டுக்குப் பின்னால் இருக்கிற எண்பது வீடுகளுக்கும் அவள் தபால்காரி. காது போன கோப்பை, விளிம்பு உதிர்ந்த தட்டு, விரிசல் விட்ட தேநீர்க் கெட்டில் எதுவானாலும் தபால் பெட்டியின் மேல் வைத்துவிடுவார்கள். அவள் மஞ்சள் சைக்கிளில் கொண்டுபோய்ச் சேர்த்துவைப்பாள்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் ஊரே திரண்டு அதையெல்லாம் பெண் வீட்டு வாசலில் போட்டு உடைக்கும். சத்தம் கூடக்கூட அதிர்ஷ்டமும் கூடும். கூட்டி அள்ள வேண்டியது பெண்ணும் மாப்பிள்ளையும்தான். அவர்கள் குவித்து முடித்ததும் யாராவது வந்து காலால் எத்திக் கலைத்துவிட்டுப் போவார்கள். மறுபடி குவிக்க வேண்டும்.

முப்பது வருஷமாக எந்தக் கல்யாணத்திலும் முதல் தட்டு வீப்கேயின் கையிலிருந்துதான் பறக்கும். ஒருமுறை அவள் வீசிய சூப் சட்டியின் மூடி எகிறிப் போய்ப் பாதிரியாரின் சைக்கிள் கூடையில் உட்கார்ந்தது. ஆனால் ஐம்பத்து மூன்று வயதுவரை அவள் வாசலில் ஒரு சாசர்கூட உடையவில்லை.

மதகைப் பார்த்துக்கொள்ளும் ஹாரோ திடீரென்று மூன்று பத்திரிகைகளுக்குச் சந்தா கட்டியபோது ஊர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒன்றைக்கூட அவர் பிரித்ததில்லை. தினமும் வாசலுக்குத் தபால் வர வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது வருஷம் வீப்கேயே, "படிக்காத பேப்பர எதுக்கு வாங்குற? என்னப் பாக்கணும்னா டீக்குக் கூப்பிடேன்" என்று கேட்டுவிட்டாள். ஜூன் மாதம் கல்யாணம் முடிவாயிற்று.

ஹாரோ ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். கண்ணாடி உடையக் கூடாது. பீங்கான் உடைந்தால் நல்லது, கண்ணாடி உடைந்தால் கெட்டது என்பது இங்கே எல்லோரும் அறிந்தது. அவருடைய முதல் கல்யாணத்தில் எவனோ பீர் பாட்டிலைப் போட்டு உடைத்தான். இரண்டே வருஷத்தில், கூரை வேய வந்தவனோடு மனைவி போய்விட்டாள். ஒரு துண்டு விழுந்தாலும் கல்யாணத்தன்று பதிவு அலுவலகத்துக்கு வர மாட்டேன் என்று வீப்கேயிடம் மெதுவாகச் சொன்னார். அவர் விளையாட்டுக்குப் பேசுகிறவர் இல்லை. மறுநாள் மதியத்துக்குள் அந்த எச்சரிக்கை எண்பது வீடுகளுக்கும் கடிதங்களோடு போய்ச் சேர்ந்தது.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மணப்பெண் ரப்பர் பூட்ஸோடு கேட்டில் நின்று ஒவ்வொரு கூடையையும் கிளறிப் பார்த்தாள். பால்பண்ணை ஃபோக்கோ வந்தான்.

"கூடையக் காட்டுடா."

"என் கல்யாணத்துல நீ போட்ட துண்டு இன்னும் என் மாமனார் வாசல்ல குத்துதுடி. கூடையாவது ஒண்ணாவது, டிராக்டரே கொண்டாந்திருக்கேன்."

பின்னால் டிரெய்லரில் கூரை ஓடுகள், கைகழுவும் தொட்டி, மூன்று கழிப்பறைப் பீங்கான்கள். எல்லாவற்றையும் அவள் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள். பிறகு ஊர் முப்பது வருஷத்துக்கும் சேர்த்துப் பழி வாங்கியது. பக்கத்து ஊர் நாய்கள்கூடக் குரைத்தன. தொட்டி விழுந்தபோது வீப்கே சிரித்துச் சிரித்து வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

வந்தவர்களை வெறும் தொண்டையோடு நிற்க வைக்கலாமா? ஹாரோ சமையலறைக்குப் போய், இருபது சின்னக் கோப்பைகளில் சாராயம் ஊற்றித் தட்டில் ஏந்தி, அடிமேல் அடி வைத்து வந்தார். வாசற்படியில் கிடந்த ஒரு டீக்கோப்பை அவர் காலடியில் உருண்டது; ஏந்தி வந்ததெல்லாம் சரிந்து விழுந்து நொறுங்கியது.

இருபதும் கண்ணாடி.

ஃபோக்கோ டிராக்டரை அணைத்தான். கேட்டில் ஊரையே சோதித்தவளுக்குச் சமையலறையைச் சோதிக்கத் தோன்றவில்லை. வெறும் தட்டைப் பிடித்தபடி ஹாரோ நின்றார். முகம் வெளுத்திருந்தது. வீப்கே துடைப்பத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, முறத்தைப் பிடித்துக்கொண்டு அந்தத் துண்டுகளுக்கு முன்னால் மண்டியிட்டாள்.

ஹாரோ துடைப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் தள்ளு," என்றாள். "முட்டி வலிக்குது."

அவர் ஒரு இழுப்பு இழுத்தார். துண்டுகள் முறத்தில் விழுந்தன. இன்னொரு இழுப்பு.

"மொதக் கல்யாணத்தன்னிக்கு அவ உள்ள போயிட்டா," என்றார், துடைப்பத்தைப் பார்த்தபடியே. "நான் தனியாத்தான் கூட்டினேன்."

"முறம் பிடிக்கக்கூட ஆள் இல்லையா?"

"இல்ல."

"அப்ப பாட்டிலையா குத்தம் சொல்லிட்டிருந்த இத்தன வருஷமா?"

ஹாரோ யோசித்தார். பொத்தானைப் போட்ட பிறகும் ஒருமுறை தொட்டுப் பார்க்கிற மனிதர். பிறகு அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றுதான் நினைத்தோம். சிரித்துக்கொண்டிருந்தார்.

இருவரும் குவித்து முடித்ததும் ஃபோக்கோ பூனைபோல வந்து, பூட்ஸ் காலால் குவியலை எத்தி வாசல் முழுக்க இறைத்தான்.

"நாளைக்குப் பத்து மணிக்கு நாங்க கையெழுத்துப் போடணும்," என்று ஹாரோ அவனிடம் சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "அதுவரைக்கும் எத்தன தடவ வேணாலும் கலைச்சுக்க."