வயருக்குக் காய்ச்சல் பார்த்தவள்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் ‘ஏனக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. லிஃப்டுக்குள் கண்ணாடி ஏன், ஆபரேஷன் அறையில் எல்லாரும் பச்சை உடுத்துவது ஏன் என்று எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வி. பதில் சொன்னவர்களுக்கு வாய் வலித்ததே தவிர, கேட்டவளுக்கு அலுக்கவில்லை.

தரை கழுவும் வண்டியை ஓட்டுவது அவள் வேலை. குட்டி டிராக்டர் போல இருக்கும். மேலே உட்கார்ந்து ஓட்ட வேண்டும். அடியில் இரண்டு பிரஷ்கள் சுழலும், பின்னால் ஒரு ரப்பர் பட்டை ஈரத்தை வழித்துக் கொடுக்க, குழாய் உறிஞ்சிக்கொள்ளும். பேட்டரி வண்டி. காலை ஒன்பதுக்குள் ஒரு சுற்று முடித்துவிட்டுக் கீழ்த்தளத்துச் சாமான் அறையில் சார்ஜில் போடுவாள். மூன்று மணிக்கு எடுத்து அடுத்த சுற்று.

ஒருநாள் அந்த இரண்டாம் சுற்றில், எக்ஸ்ரே அறை வாசலில், வண்டி படுத்துவிட்டது. ஸ்ட்ரெச்சர் ஒன்று வழி கேட்டு நிற்க, வார்டு ஆட்கள் இரண்டு பேர் வந்து தள்ளினார்கள். பேட்டரிக்கு வயதாகிவிட்டது, புதிதுக்கு எழுதிப் போடுகிறேன் என்றார் சூப்பர்வைசர். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. பேட்டரி மாற்றி ஒரு வருஷம்கூட ஆகவில்லையே.

வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டு அங்கேயே நின்றாள். பிளக் பாயிண்ட் கதவோரம் இருந்தது. வழியை மறிக்கக் கூடாதென்று வண்டி நின்றதோ எதிர் மூலையில். நடுவில் ஒரு மஞ்சள் உருளை. அதில் எக்ஸ்டென்ஷன் வயர் சுற்றியிருக்கும். கொஞ்சம் மட்டும் இழுத்துக்கொண்டு மிச்சத்தை உருளையிலேயே விட்டிருந்தார்கள். மீதித் தூரத்துக்கு, உருளையில் சொருகிய மெல்லிய வெள்ளை வயரோடு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று. அதில்தான் சார்ஜர்.

அரை மணி கழித்துக் கையை வைத்துப் பார்த்தாள். சுவரோர வயர் சில்லென்று இருந்தது. உருளையில் சுற்றியிருந்த பகுதி வெதுவெதுவென்று, அடைக்கோழியின் வயிற்றுக்கடியில் கை விட்டதுபோல் இருந்தது. இரண்டு வயரும் சேருமிடத்தில் பிளக் பழுப்பேறிக் கிடந்தது. லேசாக அசைத்ததும் சார்ஜரின் விளக்கு அணைந்து எரிந்தது. சார்ஜ் முழுசாக ஏறியிருக்காது, வண்டி ஏன் நின்றது என்று அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. ஆனால் ஒரே வயர், இங்கே குளிர்ந்தும் அங்கே சுட்டும் இருப்பானேன்?

அந்தக் கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது. மிக்ஸி வயர், டிவி வயர், கணவனின் செல்போன் சார்ஜர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள்.

“என்ன, வயருக்கெல்லாம் காய்ச்சல் பாக்குறியா?” என்றான் கணவன். துணிக்கடையில் கட்டிங் மாஸ்டர் அவன், நறுக்கென்று பேசுவான்.

மறுநாள் மணிக்கொரு தரம் கீழே போய் வந்தாள். பத்து மணிக்கு வெதுவெதுப்பு. பதினொன்றுக்குக் கை வைக்க முடியாத சூடு. பன்னிரண்டுக்கு மறுபடி இறங்கிவிட்டது. வண்டியும் அதுதான், வயரும் அதுதான். இடையில் என்ன வந்து போயிற்று?

அதற்கடுத்த நாள் பத்தரைக்கே அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். சற்று நேரத்தில் மேல்தளத்து ஸ்டோர்காரர் மெதுவாக வந்தார். கையில் கரண்ட் கெட்டில். வெள்ளைப் பெட்டியில் சார்ஜருக்குப் பக்கத்திலேயே சொருகினார். அவள் எழுந்ததும் மனிதர் கெட்டிலைக் கீழே போடாத குறை.

“தொண்டை கட்டிக்கிச்சு ஏனக்கா. மேல வெச்சா ஆளாளுக்குக் கேப்பாங்க. கொப்பளிக்க ஒரு தம்ளர் வெந்நீர், அவ்வளவுதான்.”

அவள் திட்டவில்லை. ஐந்து நிமிஷம் பொறுத்து, அவர் கையைப் பிடித்து உருளையின் மேல் வைத்தாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு அவரே போய் எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தார்.

எலக்ட்ரீஷியன் வார்த்தைக்குப் பஞ்சப்பட்டவர். கெட்டிலையும் சார்ஜரையும் பிடுங்கினார். சுவர்ப் பிளக்கைப் பிடுங்கினார். உருளையைப் பிரித்துக்கொண்டே போனார். உள்சுற்றில் வயரின் மேல்தோல் இளகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

“சுத்தி வெச்சா சூடு வெளிய போக வழியில்ல. விரிச்சுப் போட்டிருந்தா காத்தோட போயிருக்கும்” என்றார்.

“அதான் செவத்தோரம் சில்லுனு இருந்துச்சா?”

“ஆமா. அங்க ஒத்தை வயர்.”

“கெட்டில் போட்டா ஏன் அவ்வளவு ஏறுது?”

“சார்ஜரைப் போல மூணு பங்கு இழுக்கும். இந்த வெள்ளை வயர் அதுக்குத் தாங்காது. ஒண்ணோட ஒண்ணு கோத்ததும் தப்பு. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா பத்திக்கிட்டிருக்கும்.”

ஸ்டோர்காரருக்குத் தொண்டை இன்னும் கட்டிக்கொண்டது.

அன்றே தடித்த ஒற்றை வயர் ஒன்று வந்தது. முழுவதும் பிரித்து, மிதிபடாமலும் வாளித்தண்ணீர் படாமலும் சுவரோரமாகப் போட்டார்கள். சார்ஜரைத் தவிர வேறெதையும் அதில் சொருகக் கூடாது என்று ஏற்பாடு. இதுவும் தற்காலிகத்துக்குத்தான், நேராகச் சுவரில் குத்துவதுதான் சரி என்றார் எலக்ட்ரீஷியன். ஆனால் அந்த மூலையில் பாயிண்ட் இல்லையே என்று உதட்டைப் பிதுக்கினார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் தரை பார்க்கிறவள் அல்லவா. அவள் வண்டி நிற்காத இடத்தில் கறுப்பாக இரண்டு டயர்க் கோடுகள், எவ்வளவு தேய்த்தும் போகாமல், ஓர் இரும்பு அலமாரிக்கு அடியில் போய் மறைந்தன. அலமாரிக்கு நேர் மேலே காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்று, சும்மா கிடந்தது. பழைய நாற்காலிகள் அடுக்கிய அறைக்கு விசிறி எதற்கு? அலமாரிக்கடியில் வண்டி எப்படிப் போயிருக்கும்?

“அதை நகத்திப் பாக்கலாமா?” என்றாள்.

நான்கு பேர் மூச்சு வாங்கத் தள்ளினார்கள். பின்னால் சுவரில் முழ உயரத்தில் ஒரு கனமான பிளக் பாயிண்ட், சுவிட்சோடு, நூலாம்படை மூடி இருந்தது. இவர்கள் யாரும் வேலைக்குச் சேருவதற்கு முன்னால் அங்கே ஏதோ ஒரு வண்டி நின்று சார்ஜ் ஏறியிருக்கிறது. நடுவில் எவரோ அலமாரியைக் கொண்டுவந்து வைத்து, இடத்தையே மறைத்துவிட்டார்கள். எலக்ட்ரீஷியன் டெஸ்டர் வைத்துப் பார்த்தார். கரண்ட் இல்லை. போர்டிலிருந்து புதிதாக இழுத்து, விசிறியையும் ஓடவைக்க இரண்டு நாள் ஆயிற்று. பேட்டரி சார்ஜ் ஆகும்போது வாயு கிளம்பும், அறையில் காற்றோட்டம் வேண்டும் என்று அவராகவே சொன்னார்.

அதன்பின் வண்டி இரண்டு சுற்றும் தளராமல் ஓடியது. பேட்டரிக்கு எழுதிய தாளைச் சூப்பர்வைசர் கிழித்துப் போட்டார். ஸ்டோர்காரர் கெட்டிலைத் தன் மேஜையோரச் சுவரில் வெளிப்படையாகவே சொருகிக்கொண்டார். கேட்டவர்களுக்கெல்லாம் வெந்நீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

அவள் மட்டும் எலக்ட்ரீஷியனை விடவில்லை. வீணாய்ப் போன வெள்ளை வயரிலும் புதுத் தடித்த வயரின் மிச்சத்திலும் ஒரு விரல் நீளம் வெட்டி வாங்கிக்கொண்டு போனாள். ஒன்பதாவது படிக்கும் மகளும் அவளும் அடுக்களை மேடையில் தோலை உரித்து, செம்பு இழைகளைப் பிரித்துப் பரப்பி எண்ணினார்கள். வெள்ளை வயரில், உள்ளே ஓடும் ஒவ்வொரு நரம்பிலும் இருபத்துநாலு இழை. தடித்ததில் ஐம்பது, அதுவும் ஒவ்வொன்றும் கொஞ்சம் பருமனாக.

“பாவம், இத்தனூண்டு வழில எவ்வளவு கரண்ட்தான் போகும்?” என்றாள் மகள்.

“அது சரி. ஒரே கம்பியா வெக்காம ஏன் இப்படி இழை இழையா வெச்சிருக்கான்?” என்று கேட்டுக்கொண்டே, அவள் ஓர் இழையை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் வளைத்து வளைத்துப் பார்த்தாள்.