காப்ஸ்யூலை உடைக்காதே என்று சொல்லப் போன பயணம்: கோவில்பட்டி முதல் புதூர் வரை

அருவி, மலைக்கோயில், புரோட்டா கடை என்று எழுதித்தான் இந்த ப்ளாக்குக்குப் பழக்கம். இது வேறு மாதிரி. கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் வழியாகப் புதூர் பக்கம், மொத்தமே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். 2007 வைகாசியில் ஒரு மத்தியானம் போனேன். அப்படி ஒரு பயணம் எதிரிக்கும் வேண்டாம்.

செல்வி அக்காவை அங்கே ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தானுக்கு மூளையில் கட்டி. தையில் மதுரையில் ஆபரேஷன், பிறகு ரேடியேஷன். இனி மாதத்தில் ஐந்து நாள் வீட்டிலேயே காப்ஸ்யூல் விழுங்கினால் போதும் என்று அனுப்பிவைத்தார்கள். வாயால் சாப்பிடும் கீமோ. ஊசி கிடையாது, பாட்டில் கிடையாது. பார்த்தால் காய்ச்சல் மருந்து மாதிரிதான் இருக்கும். வம்பே அதில்தான். முதல் சுற்று அன்றைக்கு மாலை ஆறு மணிக்கு. அக்கா அப்போது ஐந்து மாதம், கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து.

ஒரு மணி வாக்கில் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அக்கா பேசினாள்.

"ஏலே, காப்ஸ்யூல் கூட்டை மாட்டெலும்புல செய்யுதாவளாமே? இவிய அம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்காவ. அதை எப்படி முழுங்குவாவ? கூட்டைப் பிரிச்சு, பொடியைக் கருப்பட்டில கொழைச்சுக் குடுத்திருதேன்."

ஆபரேஷன் அன்று அவள் நேர்ந்துகொண்டது அது. அத்தான் பிழைத்து வந்தால் வைகாசிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுப்பார். கையில் மஞ்சள் காப்பு ஏறிவிட்டால் கவிச்சி வாயில் படக்கூடாது. எனக்கும் அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் பக்கம் பிள்ளைகளுக்குக் கூட்டைப் பிரித்துத் தேனில் கொடுப்பது சகஜம். இருந்தாலும் மனசு கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

"பிரிக்கவே கூடாது சார்" என்றார் நர்ஸ். "அந்தப் பொடி தோலில் படக்கூடாது, மூச்சில் போகக்கூடாது. யார் பிரிக்கிறாங்க?"

"எங்க அக்கா. அஞ்சு மாசம்."

"அவங்க அதைத் தொடவே கூடாது, குழந்தை ஊனமாப் பிறக்கலாம். உடனே சொல்லுங்க" என்றார்.

உடனே சொல்ல எங்கே? பக்கத்து வீட்டுப் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டது பிறகுதான் தெரிந்தது. செல்போன் அந்த ஊரில் அப்போது யாரிடமும் இல்லை.

இரண்டே காலுக்கு விளாத்திகுளம் பஸ். எட்டயபுரத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். கண்ணாடி கிளாஸை அவர் ஆற்றி ஆற்றிக் குடித்ததை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. விளாத்திகுளம் சேர மூன்றரை தாண்டிவிட்டது. அங்கே புதூர் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். இருபுறமும் அறுத்து முடித்த வெறும் கரிசல், முந்தின நாள் பெய்த கோடை மழையில் கறுத்துக் கிடந்தது. மற்ற நாளாக இருந்தால் போட்டோ எடுத்திருப்பேன். அன்றைக்கு மழை பெய்ததே எரிச்சலாக இருந்தது.

ஊர் விலக்கில் இறங்கும்போது மணி ஐந்து. அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் மண்பாதை. வத்தல் வியாபாரி ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டார். பாதி வழியில் கரிசல் மண் சக்கரத்தைக் கவ்வி, மட்கார்டுக்குள் அடைத்து, வண்டி நின்றேவிட்டது.

"இதுக்கு மேல உருளாது அண்ணாச்சி. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு வரப்போட போங்க, இந்த மண்ணு செருப்பைப் புடுங்கிரும்" என்றார்.

ஓடினேன். காலில் ஒட்டிய மண் பிடி பிடியாகச் சேர்ந்து, ஓட்டம் நடையானது. அக்கா அவசரக்காரி. ஆறு என்றால் ஐந்தரைக்கே எல்லாம் எடுத்துவைப்பாள். ஐயோ, பிரித்திருப்பாளோ என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

உள்ளே நுழைந்தபோது அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். கிண்ணத்தில் கருப்பட்டி கரைந்திருந்தது. காப்ஸ்யூல் அவள் இரண்டு விரலுக்கு நடுவில்.

"அக்கா, அதைக் கீழ வையி. பிரிக்காத."

வைத்துவிட்டாள். முழுசாகத்தான் இருந்தது. போய் சோப்பு போட்டுக் கையைக் கழுவச் சொன்னேன். பிறகு நர்ஸ் சொன்னதைச் சொன்னேன்.

அத்தான் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு இடது கை சரியாக வராது, பேச்சும் மெதுவாகத்தான் வரும்.

"பிள்ளைக்கா?" என்றார்.

"ஆமா அத்தான். நீங்க அப்படியே முழுசா முழுங்கணும். இல்லாட்டி முழுங்காமலே இருக்கணும்."

அவர் வலது கை மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோய், மஞ்சள் காப்பின் முடிச்சைப் பல்லால் இழுத்தார். அக்கா எழுந்து ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம். அம்மன் கோவிச்சுக்கிடுவா."

"எங்கிட்டதான கோவிப்பா" என்றார் அத்தான். "கோவிச்சுக்கிடட்டும்."

காப்பு அவிழ்ந்து மடியில் விழுந்தது. காப்ஸ்யூலைத் தானே எடுத்து வாயில் போட்டு, ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தார். அக்கா சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

இதே மருந்தோடு ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு: கூட்டைப் பிரிக்காதீர்கள், மெல்லாதீர்கள். வெறும் வயிற்றில் தண்ணீரோடு முழுசாக விழுங்க வேண்டும். வாந்தி வராமலிருக்க அதற்கு முன்னால் போடும் மாத்திரையை மறக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் முன் ரத்தப் பரிசோதனை உண்டு. கர்ப்பிணி கையில் கொடுத்தே விடாதீர்கள். விரதம், காப்பு என்று எதுவானாலும் டாக்டரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள், நாங்கள் கேட்கவில்லை. வழியைப் பொறுத்தவரை, மழை பெய்த மறுநாள் கரிசல் பாதையில் வண்டியை நம்ப வேண்டாம்.

புரட்டாசியில் மகள் பிறந்தாள். அந்த மருந்தில் அத்தான் ஏழு மாதம் அவளைத் தூக்கி வைத்திருந்தார். சித்திரையில் போய்விட்டார்.

அக்கா இன்னும் வைகாசி வந்தால் கேட்கிறாள். "ஏலே, காப்பை அவுக்காம இருந்தா அவிய இருந்திருப்பாவளோ?"

இல்லக்கா, அந்தக் கட்டி அப்படி என்கிறேன். அவள் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கிறாள்.