தண்ணீர் எப்படி என்று கேட்டவர்கள்

போன வாரம் என்னை யாரோ போனில் ஒரு குழுவில் சேர்த்துவிட்டார்கள். என்னிடம் கேட்கவில்லை. காலையில் எழுந்து பார்த்தால், தோல் பொருட்களைப் பராமரிப்பது பற்றிப் பேசுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தியாக உட்கார்ந்திருக்கிறேன். சேர்த்ததுதான் சேர்த்தார்கள், கேட்டுத்தான் பார்ப்போமே என்று, மழைக்குப் பிறகு என் கைப்பையில் வெள்ளையாகப் பூத்திருந்ததைப் படம் பிடித்துப் போட்டேன். ஒருவர், "இதுகூடத் தெரியாம எதுக்கு லெதர் பேக்?" என்று கேட்டார். இன்னொருவர் சிரிக்கிற முகங்களாக வரிசை கட்டினார். மூன்றாமவர் தனியாக வந்து, "அக்கா, நம்மகிட்ட ஒரு ஸ்பிரே இருக்கு" என்றார். எனக்கு எதிலும் சந்தேகம் ஜாஸ்தி. கேன் தண்ணீர் போடுகிறவர் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தால், விலை ஏற்றப் போகிறார் என்று நினைக்கிற ஆள் நான். ஸ்பிரேக்காரரை அங்கேயே தடுத்துவிட்டு, பையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். தோல், எண்ணெய், கொஞ்சம் ஈரம். அந்த வாசனை என்னை நேரே ராணிப்பேட்டைக்குக் கொண்டுபோய் விட்டது.

தோல் ஷாப்பின், அதாவது தோல் பதனிடுகிற இடத்தின், வாசனையை நாற்றம் என்று சொல்கிறவர்கள் அங்கே சம்பளம் வாங்காதவர்கள். எனக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. வாலாஜாவிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். சாயங்காலம் என் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்கள் ஜன்னலைத் திறப்பதை வைத்துத்தான் எனக்கே ஞாபகம் வரும். ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனி. அதன் ஆபீசில் வெளிநாட்டுக் கடிதங்களை இங்கிலீஷில் எழுதுவதும் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுவதும் என் வேலை. இரண்டாயிரம் பிறந்த புதிது. போன் கம்பியில் மோடம் கத்தி, இருமி, மூச்சு வாங்கி ஒரு வழியாக இன்டர்நெட் வரும்போது, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் யாராவது போனை எடுத்துவிடுவார்கள். எல்லாம் போய்விடும்.

சந்தேகத்தை நான் பிறக்கும்போதே கொண்டுவந்தேனா, அங்கே கற்றேனா என்று தெரியவில்லை. தோல் தொழில் முழுக்க அப்போது வாயை மூடிக்கொண்டுதான் நடந்தது. கெமிக்கல் கேன் வந்து இறங்கியதும் முதல் வேலை, பிளேடு வைத்து அதன் லேபிளைச் சுரண்டுவது. எந்த எண்ணெய், எந்தச் சாயம் என்று வேலை செய்கிறவனுக்கே தெரியக் கூடாது; தெரிந்தால் நாளைக்கு எதிர் கம்பெனியில் போய்ச் சொல்லிவிடுவான். மாஸ்டர் கலர் கலக்கும்போது எல்லாரும் வெளியே போய்விட வேண்டும். டீக்கடையில் இரண்டு லாரி டிரைவர்கள் பேசினால்கூட எங்கே லோடு என்று சொல்ல மாட்டார்கள். "இன்னாபா, வண்டி எங்க?" என்றால், "அப்டியே போவணும்" என்பார்கள். பொண்ணு பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை, தான் எந்த ஷாப்பில் வேலை செய்கிறார் என்று சொல்ல யோசித்ததை நானே பார்த்திருக்கிறேன். (அந்த மாப்பிள்ளை எனக்கு அமையவில்லை. நல்லதாகப் போயிற்று. இரண்டு சந்தேகப் பிராணிகள் ஒரு வீட்டில் தாங்காது.)

எங்கள் மாஸ்டர் கரீம் பாய். உயரமான, வெற்றிலை போடாத, அதிகம் பேசாத மனிதர். தோலைக் கண்ணால்கூடப் பார்க்காமல், மடித்து ஒரு சத்தம் கேட்டே சரியா இல்லையா என்று சொல்வார். லேபிள் சுரண்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அந்த வருஷம் கோடையில்தான் அவர் கழுத்துக்குக் கத்தி வந்தது.

ஷூ மேல்பாகத்துக்கான கறுப்புத் தோல். முடித்து அடுக்கும்போது பளபளவென்று இருக்கும். சில நாளில் பிரித்தால் மேலே வெள்ளையாக, முகத்துக்குப் பவுடர் போட்டதுபோலப் பூத்திருக்கும். துடைத்தால் போகும். மறுபடி வரும். வெளிநாட்டு வியாபாரி ஒரு தடவை பொறுத்துக்கொண்டார். இரண்டாவது தடவை கடிதம் காரமாக வந்தது. அதை முதலில் படித்தவள் நான்தான். மேனேஜர் குணசேகரன் சார் பாயைக் கூப்பிட்டு, என் எதிரிலேயே சொன்னார்:

"பாய், அடுத்த லாட்டும் இப்டி வந்துச்சுன்னா நீங்க வீட்லயே இருந்துடுங்க. நான் மேல பதில் சொல்ல முடியாது."

பாய் தலையை மட்டும் ஆட்டினார். ஒரு பெரிய ஆளை அப்படி நிற்க வைத்துப் பேசியது எனக்கு ஆறவே இல்லை.

அப்போதுதான் சாரிடம் நான் ஒரு பலகையைப் பற்றிச் சொன்னேன். பலகை என்றால் இன்டர்நெட்டில் ஒரு அறிவிப்புப் பலகை. படம் கிடையாது, அலங்காரம் கிடையாது. சாம்பல் நிறப் பக்கத்தில் ஒருவர் கேள்வியை ஒட்டிவிட்டுப் போவார், கீழே மற்றவர்கள் பதிலை ஒட்டுவார்கள். உலகத்தில் தோல் வேலை பார்க்கிற பல பேர் அங்கே இருந்தார்கள். மத்தியான சாப்பாட்டு நேரத்தில், போனை யாரும் தொடாதபோது, நான் சும்மா எட்டிப் பார்ப்பேன். உள்ளே போகாமல் வாசலில் நின்று பார்ப்பதுதானே நம் வழக்கம்.

பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தேகம்தான் கூடியது. அவ்வளவு நல்லவர்களாக இருந்தார்கள். புதிதாக வருகிறவர் முதலில் தன் பெயர், வேலை, ஊர்த் தண்ணீர் எப்படி என்று மூன்றையும் எழுத வேண்டும். தண்ணீர் எதற்கென்றால், தோல் வேலையில் பாதி தண்ணீர்தான். உடனே பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து வரவேற்பார்கள். யார் முதலில் வரவேற்றாரோ, அந்தப் புதியவர் கேட்கிற கேள்விக்கு அவர்தான் பொறுப்பு. தனக்குப் பதில் தெரியாவிட்டால் தெரிந்தவரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வர வேண்டும். எவ்வளவு அசட்டுக் கேள்வியாக இருந்தாலும் சிரிக்கக் கூடாது. காரியம் முடிந்ததும் கேட்டவர் வந்து, என்ன ஆயிற்று என்று எழுதிவிட்டுப் போக வேண்டும். அடுத்து வருகிறவருக்கு உதவுமாம். காசில்லாமல் இதையெல்லாம் எதற்காகச் செய்கிறார்கள்? லேபிளைச் சுரண்டுகிற ஊரில் இருந்துகொண்டு இதை எப்படி நம்புவது?

குணசேகரன் சாரும் நம்பவில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை. என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, எழுதச் சொன்னார்.

"பேரு வேற எதனா போடு. ஆம்பள பேரா போடு."

"ஊரு சார்?"

"அரக்கோணம்னு போடு. அங்க தோல் ஷாப்பே கெடையாது, எவனும் கண்டுபுடிக்க முடியாது."

"தண்ணி எப்டின்னு கேக்கறாங்க சார்."

அவர் முகம் மாறிவிட்டது. தோல் கழிவு கலந்திருக்கிறதா என்று அதிகாரிகள் வந்து பாலாற்றங்கரைக் கிணறுகளில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போன காலம் அது. எங்கள் பக்கம் ஒருவர் தண்ணீரைப் பற்றி விசாரித்தால் அவர் யாரோ அனுப்பிய ஆள் என்றுதான் அர்த்தம்.

"அத எதுக்கு கேக்கறான்? எவனோ ஏத்திவுட்டிருக்கான்மா. ஃபர்ஸ்ட் கிளாஸ்னு போடு. இளநீர் மாதிரி இருக்கும்னு போடு."

போட்டேன். போட்டுவிட்டு, வெளியிலிருந்து விலைக்கு வாங்கி வைத்திருந்த கேனிலிருந்து ஒரு டம்ளர் குடித்தேன்.

முதலில் வரவேற்றவர் தன்னைக் கிழட்டு ஆடு என்று சொல்லிக்கொண்டவர். போர்ச்சுகலில் ஓய்வு பெற்றவராம். அரக்கோணத்துக்கு நல்வரவு என்றார். இளநீர் போன்ற தண்ணீர் கிடைத்த உங்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன் என்றார். தண்ணீர் அவ்வளவு நன்றாக இருந்தால் வெள்ளை எண்ணெயிலிருந்துதான் வரும், தோலுக்குப் போடுகிற எண்ணெயை மாற்றிப் பாருங்கள் என்று பொறுமையாக விளக்கினார். சார் இதைப் படித்துவிட்டு, "இவன் போர்ச்சுகலும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆம்பூர்ல ஒக்காந்து அடிக்கறான்" என்றார்.

எனக்கும் அதே எண்ணம்தான். ஆகவே ஒரு பொறி வைத்தேன். அடுத்த நாள், "சாப்ட்டாச்சா?" என்று இங்கிலீஷ் எழுத்தில் எழுதிப் போட்டேன். ஆம்பூர் தோல் ஷாப் ஆளாக இருந்தால் வாய் தவறி "ஆச்சு" என்பான் இல்லையா? ஆடு எழுதியது: "இந்தச் சொல் என் அகராதியில் இல்லை. திட்டு என்றால் ஏற்றுக்கொள்கிறேன், வணக்கம் என்றால் கற்றுக்கொள்கிறேன்." எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அர்த்தம் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு மாதம், பிரேசில்காரரும் துருக்கிக்காரரும் ஒருவரையொருவர் சாப்ட்டாச்சா என்று கேட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

எண்ணெயை மாற்றி ஒரு சின்ன லாட் போட்டுப் பார்த்தோம். மறுபடியும் பூத்தது. சார் குதித்தார். "பாத்தியா? கெடுக்கறதுக்குன்னே சொல்லியிருக்கான்!" நாளைக்கு வேலை இருக்குமோ என்று, பாய் தன் சாப்பாட்டுத் தட்டை வீட்டுக்கு எடுத்துப் போக ஆரம்பித்திருந்தார், வழக்கமாக அங்கேயே கழுவி வைத்துவிட்டுப் போகிறவர். அதைப் பார்த்த கோபத்தில் நான் பலகையில் சுள்ளென்று எழுதிவிட்டேன்: நீங்கள் சொன்னபடி செய்தோம், வீணாய்ப் போயிற்று.

வேறு யாராவது என்றால் திருப்பிக் கடித்திருப்பார்கள். ஆடு எழுதியதை என்னால் மறக்கவே முடியாது: "மன்னிக்கவும். முதல் தடவை நான் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி, தோலில் படாமல் வெள்ளைக்குப் பக்கத்தில் காட்டுங்கள். எண்ணெய் என்றால் உருகி மறையும். மறையாவிட்டால் அது உப்பு. உப்பு என்றால் வெளியிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து கடைசிக் கழுவலைச் செய்து பாருங்கள். எங்களிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை."

நாங்கள் பொய் சொன்னது அந்த மனிதருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

பாயிடம் போய்ச் சொன்னேன். தீக்குச்சியைக் காட்டினார். வெள்ளை அப்படியே இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பும்மா."

"தண்ணியா பாய்?"

"நம்ம தண்ணி நல்ல தண்ணியாச்சே" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். வருகிற அதிகாரிக்கெல்லாம் நல்ல தண்ணீர், நல்ல தண்ணீர் என்று சொல்லிச் சொல்லி, நாங்களே அதை நம்பிவிட்டிருந்தோம். கோடையில் கிணறு இறங்கி, அடியில் இருந்த உப்பு மேலே வந்ததை யாரும் யோசிக்கவில்லை. இரண்டு பேரும் சுவரோரக் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சார் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். ஜன்னலையும் சாத்தினார். பிறகு, "டேங்கர் சொல்லிடுங்க பாய். கேட்ல கேட்டா கட்டட வேலைக்குன்னு சொல்லுங்க" என்றார். கட்டாத கட்டடத்துக்கு அந்தக் கோடை முழுக்கத் தண்ணீர் வந்தது. தோல் பூக்கவில்லை. கன்டெய்னர் போயிற்று. பாயின் சாப்பாட்டுத் தட்டு மறுபடி எங்கள் குழாயடியில் காய்ந்தது.

முடிவை எழுத வேண்டும் என்பது பலகையின் வழக்கம். சாரிடம் கேட்காமல் பாயிடம் கேட்டேன். "எழுதிடும்மா. அந்த ஆளு பதிலுக்குக் காத்துக்கினு இருப்பான்" என்றார். எங்கள் தண்ணீர் உப்பு, டேங்கர் தண்ணீரில் கழுவினோம், சரியாயிற்று என்று எழுதினேன். இளநீர் என்ன ஆயிற்று என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அரக்கோணத்துக்கு வாழ்த்துகள் என்றார்கள்.

சில மாதம் கழித்து ஒரு புதியவர் வந்தார். பெயர் ஏதோ வெள்ளைக்காரப் பெயர். ஊர் காஷ்மீராம். தண்ணீர் முதல் தரம், பன்னீர் போல. கறுப்புத் தோலில் வெள்ளை பூக்கிறது, தயவுகூர்ந்து உடனடியாக ஆவன செய்யவும் என்று, நம் ஆபீஸ் கடிதம் மாதிரியே எழுதியிருந்தார். படித்த அந்த நொடியில் தெரிந்துவிட்டது. பன்னீரா? சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் இருக்கிற ஆள்! எங்கள் ஆர்டரில் பாதியைப் பிடுங்கிக்கொண்ட இடமாகவும் இருக்கலாம். பாயிடம் ஓடினேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "அங்கயும் ஒரு மாஸ்டர் இருப்பான் இல்ல. அவன் தலையிலதான் கட்டுவாங்க" என்றார். கொஞ்சம் தள்ளிப் போனவர் திரும்பி, "சார்கிட்ட சொல்லாத" என்றார்.

முதல் ஆளாக நான் வரவேற்றேன். அப்படியென்றால் பொறுப்பு என்னுடையது. தண்ணீர் உண்மையில் எப்படி என்று மெல்லக் கேட்டேன். பதில் இல்லை. மறுநாள், நான் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, மன்னிக்கவும் என்று ஆரம்பித்து, தீக்குச்சி, உப்பு, டேங்கர், கேட்டில் சொல்ல வேண்டிய கட்டட வேலை வரைக்கும் எல்லாவற்றையும் எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. நம் ஆள், நன்றி சொன்னால் அகப்பட்டுக்கொள்வோம் என்று பயந்திருப்பார்.

ஒரு திங்கட்கிழமை மோடம் கத்தி முடித்ததும் பலகையைத் திறந்தேன். அப்படி ஒரு பக்கம் இல்லை என்று வந்தது. போன் கம்பி பேஜார் என்று நினைத்து மறுபடி மறுபடி பார்த்தேன். நடத்தியவர் நிறுத்திவிட்டாரோ, வாடகை கட்ட முடியவில்லையோ, தெரியாது. கிழட்டு ஆட்டின் நிஜப் பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. என் பெயரையும் அவரிடம் சொல்லவில்லை. பிறகு நான் கல்யாணமாகி ஊர் மாறினேன். அந்தக் கம்பெனி கேட்டுக்கு இப்போது வேறு யாரோ பூட்டுப் போட்டிருக்கிறார்கள்.

பாய் வேலையை விட்ட பிறகு நான் ஊருக்கு வரும்போது வாலாஜா மார்க்கெட்டில் எங்காவது பார்த்தால், நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்பார். "அந்தக் காஷ்மீர் மாஸ்டர் வேலை தப்பிச்சுதாம்மா? எதனா எழுதினாங்களா?" பலகையே போய்விட்டது பாய் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவருக்கு அது புரியவில்லை, அல்லது என்னை நம்பவில்லை. கடைசியாகப் பார்த்தபோதும் கேட்டார். "தப்பிச்சுது பாய், எழுதியிருந்தாங்க" என்றேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.