டேப் சுற்றிய கை

அவரை எல்லோரும் 'சொட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்திரண்டு வருடமாக பிளம்பர் வேலை. எந்தக் குழாயிலிருந்தாவது ஒரு சொட்டு விழுவதைப் பார்த்துவிட்டால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. விருந்துக்குப் போன வீட்டிலும் கை கழுவும் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். இப்படி ஒரு மனிதரோடு குடும்பம் நடத்துவது லேசா? அவர் மனைவி நடத்தினாள், சிரித்துக்கொண்டே.

இரண்டு வருடமாக அந்தச் சிரிப்பு குறைந்துபோயிருந்தது. அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள், மலைக்கு அந்தப்புறம் இருக்கும் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். பழைய டீசல் காரோ, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்க, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். என்ஜினுக்குக் காற்றை அழுத்திக் கொடுக்கும் டர்போ போய்விட்டது, வண்டியை ஒரு வாரம் விட்டுவிட்டுப் போங்கள் என்றார் மெக்கானிக். ஒரு வாரமா? அதுவரை அவளை எதில் கூட்டிப்போவது? தவிர, இன்னொருத்தன் கையை அவர் என்றைக்கு நம்பினார்? வெளிக் கம்பெனி செய்த டர்போ ஒன்றை வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலிலேயே பானெட்டைத் திறந்துவிட்டார்.

மனைவி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டர்போவோடு வந்த தாளைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். மதியத்துக்குள் பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டியாயிற்று. மிச்சம், டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் மெல்லிய குழாய் மட்டும்தான். குழாயைக் கண்டதும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. குழாய் ஒழுகாமலிருக்க மரையில் சுற்றும் வெள்ளை டேப் வெளியே வந்தது.

"ஏங்க, மரையில டேப் சுத்தக் கூடாதுன்னு போட்டிருக்கு. பெரிய எழுத்துல போட்டிருக்கு."

"எழுதினவன் ஒரு குழாயாவது மாட்டியிருப்பானா? டேப் இல்லன்னா ஒழுகும்மா. நான் மாட்டினது எங்கயாவது ஒழுகியிருக்கா, சொல்லு."

"ஒழுகல. ஆனா அதுல தண்ணி போச்சு, இதுல எண்ணெயில்ல போகுது."

"எல்லாம் குழாய்தான்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவள் தாளை மடித்து வைத்துவிட்டாள். மாலையில் தெருவை நாலு சுற்று சுற்றிப் பார்த்தார்கள். வண்டி சிட்டாகப் பறந்தது. அவள்கூடக் கை தட்டினாள்.

செவ்வாய்க்கிழமை, பாதி மலை ஏறும்போது முதலில் விசில் அடிப்பதுபோல் ஒரு சத்தம். பிறகு இரும்போடு இரும்பு உரசியது. பின்னால் நீலப்புகை. ஓரம் கட்டி, சூடு தணியக் காத்திருந்து, எண்ணெய்க் குழாயைக் கழற்றினார். உள்ளே எண்ணெய் இறங்கும் சின்ன ஓட்டையை, மரையிலிருந்து பிய்ந்த டேப் இழை ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. வெளியே ஒரு சொட்டு ஒழுகவில்லை, உண்மைதான். உள்ளேயும் ஒரு சொட்டு போகவில்லை. எண்ணெய் இல்லாமல் புது டர்போ உரசித் தேய்ந்து இறுகிப்போயிருந்தது.

"என்னங்க ஆச்சு?" என்றாள் சீட்டிலிருந்து.

"பார்ட்டு மட்டம்," என்றார். இழையை விரலில் உருட்டி எறிந்தார்.

காய்கறி லாரி ஒன்று இருவரையும் ஏற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி நேரம் தாமதம். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"முழு நாலு மணி நேரம் முடியாதும்மா. அடுத்தவங்க காத்திருக்காங்க. இன்னைக்கு ரெண்டு மணி நேரம்தான்."

பாதி அழுக்கு அவள் ரத்தத்திலேயே தங்கும். வியாழக்கிழமை வரை கால் வீங்கும், வாந்தி வரும், இரவெல்லாம் உட்கார்ந்தே மூச்சு வாங்குவாள். இதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

"வண்டி நின்னுபோச்சும்மா," என்று மனைவி நர்ஸிடம் சொன்னாள். "புதுசா வாங்கின பார்ட்டு மட்டம். பாவம், அவரு என்ன பண்ணுவாரு?"

அதை அவரால் தாங்க முடியவில்லை. "இல்ல சிஸ்டர், பார்ட்டு நல்ல பார்ட்டுதான். டேப் சுத்தக் கூடாதுன்னு இவ படிச்சுச் சொன்னா. நான்தான் கேக்கல."

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. ஊசியைப் பொருத்தி, இயந்திரத்தை ஓடவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

மனைவி மேலே பார்த்தபடி சொன்னாள். "நீங்க உருட்டி எறிஞ்சதை நான் பாத்தேன். இதை அந்தப் பொண்ணுகிட்ட எதுக்குச் சொல்றீங்க? என்கிட்ட சொல்லுங்க."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். இயந்திரம் இரண்டு மணி நேரம் ஓடியது. அவர் வாய் திறக்க அது போதவில்லை.