ஒரு தாளின் பின்னால் போனவர்

எங்கள் மருந்துக் கிடங்கின் ஆர்டர் பிரிவு எழுத்தரை எல்லோரும் "ஏன் அக்கா" என்றுதான் சொல்வோம். எதைச் சொன்னாலும் ஏன் என்பார். பதில் சொன்னால் அதற்கும் ஒரு ஏன். நான் அங்கே பெட்டி கட்டுகிறவன். மூன்றாவது ஏன் வருவதற்குள் எனக்கு எங்கிருந்தோ அவசர வேலை வந்துவிடும்.

எங்களிடமிருந்து அறுபத்து மூன்று சிறு மருத்துவமனைகளுக்கு மருந்து போகும். மாதம் ஒருமுறை அவர்கள் தாளில் எழுதி அனுப்புவார்கள், நாங்கள் கட்டி ஏற்றுவோம். சொல்லச் சுலபம். ஆனால் கேட்டது போகாது, கேட்காதது போகும். ஓர் இடத்துக்கு நூறு அட்டை மாத்திரைக்குப் பதில் நூறு பெட்டி போய் இறங்கி, நர்ஸ் தன் நாற்காலியை வராந்தாவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

ஒருநாள் ஆற்றங்கரை மருத்துவமனையின் மருந்தாளுநர் நேரிலேயே வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. "பதினேழு பேருக்கு இன்சுலின் இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன். கேட்டு பதினோரு நாள் ஆச்சு" என்றார். மருந்து எங்கள் குளிர்பெட்டியிலேயே இருந்தது.

அவர் போனதும் மேலாளர் எங்களை நிற்கவைத்து, யார் செய்த தப்பு என்று கேட்டார். எல்லோரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தோம். அக்கா மட்டும், "யாருன்னு அப்புறம் பாக்கலாம் சார். எங்க நின்னுச்சுன்னு முதல்ல பாக்கலாமா?" என்றார்.

அடுத்த மாதம் அதே மருத்துவமனையின் தாள் புறப்பட்டபோது அக்காவும் அதனுடன் புறப்பட்டார். தாள் தபால் வண்டியில் ஏறினால் அவரும் ஏறினார். எந்த மேஜைக்கு எப்போது வந்தது, எப்போது நகர்ந்தது என்று குறித்தார். அது தட்டில் கிடந்தபோது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அக்காவின் கணவர் தையல்காரர். துணி வெட்ட அளவு வரையும் காகிதச் சுருளில் ஆறு மீட்டர் கிழித்துக் கொடுத்தார். மகள் வீட்டுத் தரையில் குப்புறப் படுத்து, வேலை நடந்த நேரத்துக்குப் பச்சையும் சும்மா கிடந்த நேரத்துக்குச் சிவப்பும் தீட்டினாள். பெண்ணின் சிவப்புப் பென்சில் இரண்டு தீர்ந்துவிட்டதாக அக்கா சொன்னார்.

அதைக் கிடங்குச் சுவரில் ஒட்டியதும் வேலையை விட்டுவிட்டு எல்லோரும் அதன் முன்னால் கூடினோம். இந்த முறையும் பதினோரு நாள்தான். அதில் யாராவது அந்தத் தாளைக் கையால் தொட்டு வேலை செய்த நேரம் நாற்பத்தாறு நிமிடம். மீதியெல்லாம் சிவப்பு. செவ்வாய்க்கிழமை மட்டும் வரும் அதிகாரியின் கையெழுத்துக்காகவே நான்கு நாள். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

பிறகு அக்கா, ஆறு மாதமாகத் திரும்பி வந்த முந்நூற்று நாற்பது ஆர்டர்களைக் காரணம் வாரியாகப் பிரித்துக் கோடு போட்டு எண்ணினார். இருநூற்று நாற்பத்தொன்று ஒரே கட்டத்தால் வந்தவை: 'அளவு'. அட்டையா பெட்டியா என்று எழுத அங்கே இடமே இல்லை.

கடைசியாக என்னிடம் வந்தார். கேட்டதில் பாதியைத்தான் ஏன் கட்டுகிறாய் என்று கேட்டார். அவர்கள் எப்போதும் இரண்டு மடங்கு கேட்பார்கள் என்றேன். "அவங்க ஏன் ரெண்டு மடங்கு கேக்குறாங்கன்னு தெரியுமா? நீ பாதிதான் அனுப்புவேன்னு."

கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தேன். ஒன்பது வருடமாக நான் வெட்ட, அவர்கள் கூட்ட, இரண்டு பக்கமும் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

புதுத் தாளை எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்றார் மேலாளர். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை, முதலில் ஆற்றங்கரை மட்டும் என்றார். மருந்தின் பக்கத்திலேயே அட்டை, பெட்டி என்று அச்சடித்து, கையிருப்புக்கு ஒரு கட்டம் சேர்த்தார். வழக்கமான மருந்துகளுக்குக் கையெழுத்தே வேண்டாம் என்று அதிகாரியைச் சம்மதிக்கவைத்தார். முதல் மாதம் சொதப்பல்தான். தேவையை எழுத வேண்டிய இடத்தில் அவர்கள் கையிருப்பை எழுதிவிட்டார்கள். அக்கா முகம் சுளிக்கவில்லை. இரண்டு கட்டங்களையும் இடம் மாற்றி அச்சடித்தார். அடுத்த மாதம் முப்பத்தொரு மருந்தும் கேட்டபடியே மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தது. நான் ஒன்றைக்கூட வெட்டவில்லை. கை துடித்தது என்பது வேறு விஷயம்.

அப்புறம் ஐந்து இடம், பிறகு எல்லா இடமும். அடுத்த ஆறு மாதத்தில் திரும்பி வந்தவை இருபத்தொன்பது. யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை, யாரையும் புதிதாகச் சேர்க்கவும் இல்லை. அதே நாங்கள்தான்.

வருடக் கடைசியில் அறுபத்து மூன்று மருந்தாளுநர்களும் முதல்முறையாக ஒன்றாகக் கிடங்குக்கு வந்தார்கள். அதுவரை அவர்களில் பெரும்பாலானவர்களோடு நாங்கள் தொலைபேசியில் மட்டுமே சண்டை போட்டிருந்தோம். அந்த ஆறு மீட்டர் காகிதத்தின் முன்னால் வரிசையாக, மெதுவாக நடந்து படித்தார்கள். ஒரு பெரியவர் சிவப்பின்மேல் விரல் வைத்துக் காகிதத்தின் கடைசி வரைக்கும் வந்தார். அக்கா ஓரமாக நின்று, அவர்கள் எந்த இடத்தில் நின்று படிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டிருந்தார்.