கிணற்றுத் தண்ணீரில் குளித்த ஜீப்

சித்தப்பாவின் முகத்தைவிட அவருடைய கால்கள்தான் எனக்கு நன்றாகப் பழக்கம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலில் ஜீப் நிற்கும். அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கால்களோடுதான் நான் பேசுவேன். கணக்கில் எத்தனை மார்க் என்று சொன்னதும் வலது கட்டைவிரல் மடங்கினால் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். பாதங்கள் இரண்டும் அசையாமல் நின்றுவிட்டால் ஏதோ ஒரு நட்டு கழல மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது, அப்போது வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது.

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் அந்த ஜீப்புக்கு வேலையே கிடையாது. ஒரு பக்கம் சுக்கும் மிளகும் அடுக்கிய குடோன்கள், மறுபக்கம் வீடுகள், நடுவில் ஒரு லாரி வந்தால் ஆட்டோ பின்னாலேயே போயாக வேண்டிய அகலம். மேடு என்று சொல்லிக்கொள்ளத் தோப்பும்படிப் பாலம் ஒன்றுதான். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, மலை ஏறுவதற்கென்றே நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய டீசல் ஜீப் ஒன்றைச் சித்தப்பா வைத்திருந்தார். அவருக்கு எர்ணாகுளத்தில் ஆபீஸ் வேலை. கல்யாணம் ஆகவில்லை. அப்பா துபாயில் இருந்தார். ஆக வீட்டில் அம்மா, சித்தப்பா, நான், ஜீப் என்று நாலு பேர். நாலு பேரில் ஜீப்புக்குத்தான் செல்லம் அதிகம் என்பது அம்மாவின் கட்சி.

சித்தப்பாவைப் போலவே கிறுக்குப் பிடித்த இரண்டு சிநேகிதர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்கள். பெயர்கள் எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஊரை வைத்தே கூப்பிட்டேன். களமசேரி அங்கிள் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுப்பவர். ஒல்லி, எதையும் இரண்டு முறை கேட்பார். ஆலுவா அங்கிளுக்கு லாரித் தொழில். பெரிய தாடி. அவர் சிரித்தால் சமையலறையில் பாத்திரம் அதிரும் என்று அம்மா சொல்வாள். சொல்லிக்கொண்டே அவருக்கென்று ஒரு கிண்ணம் புளியோதரையை எடுத்து வைப்பாள். தமிழர் வீட்டுப் புளியோதரைக்காகவே மலையாளி ஒருவர் ஆலுவாவிலிருந்து கடல் ஓரம் வரை வண்டி ஓட்டிக்கொண்டு வருவதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரிப்பார்கள். காலியான சாயா டம்ளர்கள்தான் ஜீப்புகள். எந்த ஓடையைத் தாண்ட வேண்டும், எங்கே திரும்ப இடம் இருக்கிறது, மழை பிடித்துக்கொண்டால் எந்த வழியாக இறங்குவது என்றெல்லாம் பேசிப் பேசி டம்ளர்களை நகர்த்துவார்கள். முன்னால் களமசேரி டம்ளர், நடுவில் ஆலுவா டம்ளர், கடைசியில் சித்தப்பாவின் டம்ளர். எப்போதும் கடைசியில். எனக்கு அவமானமாக இருக்கும். பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வருகிறவளுக்கு அந்த வலி தெரியும். ஒருநாள் கால்களிடம் இதைக் கேட்டேவிட்டேன்.

சித்தப்பா ஜீப்புக்கு அடியிலிருந்து முகத்தை வெளியே நீட்டினார். அவர் அப்படி நீட்டினால் விஷயம் பெரியது.

"முன்னாடி போறவன் குழியிலே விழுவான். அவனைப் பின்னாடி வரவன்தானே இழுத்து எடுக்கணும்? கடைசி வண்டிக்கு ஒண்ணும் ஆகப்படாது. அதனாலேதான் நன்னா இருக்கற வண்டியைக் கடைசியிலே விடறது. தெரிஞ்சுதோ?"

தெரிந்தது. மறுநாளே வகுப்பில் போய், எங்கள் சித்தப்பாவின் ஜீப்தான் கேரளத்திலேயே நன்றாக இருக்கிற ஜீப் என்று அறிவித்தேன்.

அப்படிச் சொல்வதில் பொய் இல்லை. மலைக்குப் போய்வந்த மறுநாள் சித்தப்பா ஆபீசுக்கு லீவு போடுவார். சக்கர அச்சுக்குள் இருக்கும் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பார்ப்பார். ஓடைத் தண்ணீர் உள்ளே புகுந்திருந்தால் எண்ணெய் பால் விட்ட சாயா போல வெளுத்திருக்கும், உடனே முழுவதையும் மாற்றுவார். ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவில் கிரீஸ் ஏற்றுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவுவார். சேறுதான் வண்டிக்கு எமன் என்பது அவர் கொள்கை. சேறு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு இரும்பைத் தின்றுவிடுமாம். வாளி வாளியாகத் தண்ணீர் விட்டு, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் சந்து பொந்தெல்லாம் தேய்ப்பார். மழைக்காலத்துக்கு முன்னால் அடிப்பாகம் முழுக்கக் கருப்புப் பெயிண்ட் அடிப்பார். குனிந்து பார்த்தால் புதுச் சட்டி மாதிரி மினுமினுக்கும்.

தண்ணீர் விஷயத்தில்தான் வீட்டில் ஓயாத சண்டை. எங்கள் பக்கத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், விடியும் நேரத்தில், நூல் மாதிரி வரும். அம்மா குடம், தவலை, குக்கர் என்று அகப்பட்டதிலெல்லாம் பிடித்துவைப்பாள். அது வீட்டின் உயிர். மற்றதற்கெல்லாம் கொல்லைக் கிணறு. கிணற்றுத் தண்ணீர் ஒரே உப்பு. சோப்பு நுரைக்காது. வாயில் வைத்தால் துப்பத் தோன்றும். ஆனால் அதற்குப் பஞ்சமில்லை.

சித்தப்பா ஒருமுறை கெஞ்சிப் பார்த்தார்.

"மன்னி, ஒரே ஒரு பக்கெட் பைப்பு ஜலம். கடைசியா ஒரு தடவை அலம்பி விட்டுடறேன்."

"மனுஷாளுக்கே குடிக்க ஜலம் இல்லே, இதுக்கு அபிஷேகம் வேற கேக்கறதோ? கெணத்துலே வேண்டிய மட்டும் கெடக்கு. கொண்டுபோய்க் கொட்டு."

அம்மா இந்த வீட்டுக்கு வந்தபோது சித்தப்பா அரைக்கால் சட்டை போட்ட பையன். ஆகையால் அவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அவர் சிரித்துக்கொண்டே கிணற்றடிக்குப் போனார். நானும் அம்மா பக்கம்தான். குடிக்கிற தண்ணீரை ஜீப்புக்கு ஊற்றுவதாவது!

கிணற்று வாளியின் பிடி வருஷா வருஷம் துருப்பிடித்து அறுந்து விழும். புது வாளி வாங்குவோம். ஜன்னல் கம்பிகள் கையோடு உதிர்ந்து வரும். உப்பங்கழி ஓரத்து வீடென்றால் அப்படித்தான் என்று எல்லோருக்கும் பழகியிருந்தது. இதற்கும் அதற்கும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. படித்துப் பட்டம் வாங்கிய சித்தப்பாவும் பார்க்கவில்லை. அவருடைய பயமெல்லாம் மலைச்சேற்றைப் பற்றித்தான் இருந்தது. வீட்டுக் கிணற்றைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது, ஓண விடுமுறையில், முதல்முறையாக என்னையும் கூட்டிப் போனார்கள். பெரிய மலையெல்லாம் இல்லை, குழந்தை வரக்கூடிய வழிதான் என்று அம்மாவிடம் மூன்று பேரும் மாறி மாறிச் சத்தியம் செய்தார்கள். மலைப் பக்கம் மழை ஓய்ந்திருந்தது. மூணாறு போகும் சாலையிலிருந்து பிரிந்து, பாழாய்க் கிடந்த ஓர் ஏலத்தோட்டத்துப் பாதை. அம்மா வாழையிலையில் புளியோதரை கட்டிக் கொடுத்தாள். பொட்டலத்தின் வாசனையைப் பிடித்துக்கொண்டு ஆலுவா அங்கிள் ஜீப்புக்குள் தலையை விட்டார்.

"மோளே, எனிக்கு இச்சிரி பாக்கி வெக்கணே."

கொஞ்சம் மிச்சம் வைக்கிறேன் என்று நானும் பெரிய மனசோடு வாக்குக் கொடுத்தேன்.

பாதையில் ஓடை குறுக்கிடும் இடத்தில் களமசேரி அங்கிள் தாண்டிவிட்டார். ஆலுவா அங்கிளின் ஜீப் நடுவில் சறுக்கி, மூக்கு கீழே போய்ச் சிக்கிக்கொண்டது. அவர் எஞ்சினை உறுமவிட்டார். சக்கரம் சுழன்றதே தவிர வண்டி நகரவில்லை. அவர் திரும்பிப் பார்த்துச் சித்தப்பாவை நோக்கிக் கையை ஆட்டினார். முகத்தில் கவலையே இல்லை. கடைசி வண்டி இருக்கும்போது என்ன கவலை?

எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்தார்கள். என்னைத் தூக்கி மேட்டில், தூரத்தில் ஒரு பாறையில் உட்கார வைத்தார்கள். மடியில் பொட்டலம். அங்கிளின் ஜீப்புக்குப் பின்பக்கத்திலும் சித்தப்பாவின் ஜீப்புக்கு முன்னால் இருந்த இரும்புக் கொக்கியிலும் கயிற்றைக் கட்டினார்கள். கயிறு அறுந்தால் துள்ளாமல் இருக்க அதன்மேல் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டார்கள். குடோனிலிருந்து கேட்டு வாங்கிய சுக்குச் சாக்கு. ஆலுவா அங்கிள் தன் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். சித்தப்பா பின்னோக்கி இழுத்தார். வரவில்லை. கொஞ்சம் முன்னால் வந்து, மறுபடி வேகமாக இழுத்தார்.

கயிறு அறவில்லை. சித்தப்பாவின் ஜீப்பிலிருந்து கொக்கிதான், அது பிடித்திருந்த சட்டத்தின் துண்டோடு சேர்ந்து, பிய்த்துக்கொண்டு எதிர் ஜீப்பை நோக்கிப் பறந்தது. ஆலுவா அங்கிளுடையது துணி மூடாத ஜீப். பின்பக்கம் திறந்திருந்தது. பலகை முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதற்கப்புறம் எஞ்சின்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. ஆலுவா அங்கிள் ஸ்டியரிங்மேல் சாய்ந்திருந்தார். அசதியில் படுத்திருக்கிறார் என்று நினைத்தேன். சித்தப்பா ஓடையில் விழுந்து எழுந்து ஓடினார். கத்திக் கத்தி அழுதார். அதுவரை ஒரு பெரியவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

கோதமங்கலம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே ஆலுவா அங்கிள் போய்விட்டார்.

சாயங்காலம் யாரோ என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். பொட்டலம் பிரிக்காமல் கையிலேயே இருந்தது. அம்மா அதை வாங்கி, பிரித்துப் பார்த்து, மறுபடி மடித்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் சமையலறையில் வெகுநேரம் நின்றாள்.

சித்தப்பா ஆலுவா வீட்டுக்குப் போனார். அங்கே யாரும் அவரைத் திட்டவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். சித்தப்பாவின் ஜீப்பைப் போலீசார் பிடித்துவைத்திருந்து, விசாரணையெல்லாம் முடிந்தபின் ஒருநாள் திருப்பிக் கொடுத்தார்கள். களமசேரி அங்கிள்தான் ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். குனிந்து, சட்டம் பிய்ந்த இடத்தைப் பார்த்தார். பக்கத்தில் பளபளவென்று இருந்த கருப்புப் பெயிண்டை விரலால் அழுத்தினார். பெயிண்ட் பப்படம் போல நொறுங்கி, விரல் உள்ளே போயிற்று. உள்ளேயிருந்து செம்மண் மாதிரி பொலபொலவென்று கொட்டியது.

எந்தத் தண்ணீரில் கழுவுகிறாய் என்று கேட்டார். இரண்டாம் முறையும் கேட்டார்.

"கெணத்து ஜலம்" என்றார் சித்தப்பா.

களமசேரி அங்கிள் நேரே கொல்லைக்குப் போய் வாளியில் இருந்த தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். துப்பினார். திரும்பி வந்து சித்தப்பாவின் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அம்மா சாயா டம்ளர்களோடு கதவருகில் நின்றிருந்தாள். சித்தப்பா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்தபடி தமிழில், கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

"யார் மேலேயும் தப்பில்லே. பெயிண்டை அடிச்சு மூடினது நானாக்கும். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

களமசேரி அங்கிளுக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாதே, எதற்காகத் தமிழில் சொல்கிறார் என்று எனக்கு வியப்பாக இருந்தது. அம்மா டம்ளர்களை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சாயா அங்கேயே ஆறிப் போயிற்று.

அடுத்த முறை குழாயில் தண்ணீர் வந்த காலையில் சலசலவென்ற சத்தம் கேட்டு விழித்தேன். பாலும் தண்ணீருமாக விடிந்துகொண்டிருந்தது. வாசலுக்குப் போனேன். ஜீப்புக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கொலுசு போட்ட கால்கள். அம்மா முழுக்க நனைந்து மல்லாந்து படுத்துக்கொண்டு, குழாயிலிருந்து இழுத்த ரப்பர் டியூபைப் பிடித்து, துருப்பிடித்த இரும்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் சித்தப்பாவின் பல் தேய்க்கிற பிரஷ். பக்கத்தில் குடங்களும் தவலையும் காலியாகக் கவிழ்ந்து கிடந்தன. செந்நிறத் தண்ணீர் தெருவில் ஓடி, எதிர் குடோன் வாசல் வரை போயிருந்தது.

"அம்மா, இது குடிக்கற ஜலமாக்கும்!" என்றேன்.

கால்கள் அசையவில்லை. பிரஷ்ஷின் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது.

எனக்குச் சட்டென்று விஷயம் புரிந்துவிட்டது, புரிந்துவிட்டதாக நினைத்தேன். அம்மாவே இறங்கி வேலை செய்கிறாள் என்றால், அதுவும் பைப்புத் தண்ணீரால் என்றால், ஜீப்பை மறுபடியும் மலைக்குத் தயார் செய்கிறார்கள். உள்ளே ஓடிப்போய்ச் சித்தப்பாவை எழுப்பி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அவர் வாசற்படியில் நின்று பார்த்தார். குழாயை மூடப் போகிறார் என்று நினைத்தேன். மூடவில்லை. படியிறங்கிப் போய், ஈரத் தரையில், அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார்.

"போறும், மன்னி" என்றார்.

பிரஷ் சத்தம் நின்றது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"நாம எப்போ கெளம்பறோம், சித்தப்பா?" என்று கேட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு, பள்ளிக்கூடப் பையை எடுக்க உள்ளே போனேன்.